ஒரு ஆண்டறிக்கையும் ஒரு கால்குலேட்டரும்: இன்றைய உலகப் பொருளாதாரத்தை மார்க்ஸின் கணக்கில் படிப்பது எப்படி

மார்க்ஸைப் படிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் 'மூலதனம்' முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். இருபது கஜம் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்று தொடங்கி, அது பக்கம் பக்கமாக விரிந்துகொண்டே போகும்போது, இதற்கும் நாம் வாழும் உலகத்துக்கும் என்ன தொடர்பு என்ற சலிப்பு வந்துவிடுகிறது. மார்க்ஸுக்கே இது தெரியும். 1867-ல் புத்தகம் வெளிவந்த கொஞ்ச நாளில், நவம்பர் மாதம் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், கூகல்மனின் மனைவி முதலில் வேலைநாள், கூட்டுழைப்பு, உழைப்புப் பிரிவினை, இயந்திரங்கள், ஆதித் திரட்டல் பற்றிய பகுதிகளைப் படிக்கலாம் என்று அவரே வழி சொல்லியிருக்கிறார். நீங்களும் தயங்காமல் அந்த வழியில் போகலாம். முதல் அத்தியாயம் எங்கேயும் ஓடிப்போகாது, திரும்பி வந்து படிக்கும்போது அது வேறு மாதிரி பேசும்.

நான் சொல்லப்போவது அதையும்விட நேரடியான வழி. கணக்கிலிருந்து தொடங்குவது. ஒரு கால்குலேட்டர், ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கை, இரண்டு மூன்று மணி நேரம், அவ்வளவுதான் வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் தங்கள் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதால் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்கப் போகிறோம்: லாபம் எந்த இடத்தில் எழுதப்படுகிறது, எந்த இடத்தில் உண்டாகிறது, இரண்டும் ஒரே இடம்தானா?

முதலில் ஒரு வித்தியாசம் பிடிபட வேண்டும்

உழைப்பு வேறு, உழைப்புச் சக்தி வேறு. இது பிடிபடாமல் மேலே போனால் எல்லாமே குழம்பும், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

லாபம் என்றால் குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்பது, யாரோ யாரையோ ஏமாற்றுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மார்க்ஸ் அந்த விளக்கத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறார். எல்லாப் பொருளும் அதனதன் மதிப்புக்கே விற்கிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் போட்ட பணம் கூடுதல் பணமாகத் திரும்பி வருகிறதே, அது எப்படி என்று கேட்கிறார். பதில் இதுதான்: தொழிலாளி விற்பது தன் உழைப்பை இல்லை, ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் தன் திறனை. அந்தத் திறனின் விலை, அவரும் அவர் குடும்பமும் பிழைத்து, நாளைக்கும் வேலைக்கு வரத் தேவையானவற்றின் விலை. ஆனால் அந்தத் திறனைப் பயன்படுத்தும்போது ஒரு நாளில் உண்டாகும் புதிய மதிப்பு அதைவிட அதிகம். கூலிக்கு ஈடான மதிப்பைச் சில மணி நேரத்தில் உண்டாக்கிவிட்டு, மீதி மணி நேரங்களுக்கும் அவர் வேலை செய்கிறார். அந்த மீதிதான் உபரி மதிப்பு.

பஞ்சு, இயந்திரம், எரிபொருள் எல்லாம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மதிப்பைப் புதுப் பொருளுக்கு மாற்றித் தருகின்றன, கூட்டித் தருவதில்லை. அதனால் அவற்றில் போடும் பணம் மாறா மூலதனம். கூலியில் போடும் பணம் மட்டும் வளர்கிறது, அது மாறும் மூலதனம். இந்த இரண்டோடு உபரியையும் சேர்த்தால் கையில் மூன்று எண்கள். இனி எல்லாக் கணக்கும் இவற்றை வைத்துத்தான்.

மான்செஸ்டர் மில்லின் ஒரு வாரக் கணக்கு

முதல் பாகத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில், மான்செஸ்டர் நூற்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த கணக்கை மார்க்ஸ் எடுத்து வைக்கிறார். நூல் நூற்கும் 10,000 கதிர்கள் ஓடும் மில். ஒரு வாரத்தில் பஞ்சுக்கு 342 பவுண்டு, இயந்திரத் தேய்மானம் 20 பவுண்டு, வாடகை, நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 16 பவுண்டு. ஆக மாறா மூலதனம் 378. கூலி 52. நூல் 510 பவுண்டுக்கு விற்கிறது. 510-லிருந்து 378-ஐயும் 52-ஐயும் கழித்தால் மீதி 80. அதுதான் உபரி.

பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 80-ஐ 52-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 154 சதவீதம், இது உபரி மதிப்பு விகிதம், வேறு பெயரில் சுரண்டல் விகிதம். அதே 80-ஐ வாரச் செலவு மொத்தமான 430-ஆல் வகுத்தால் 18.6 சதவீதம். மில், தொழிலாளி, வாரம் எல்லாம் அதேதான், எதனால் வகுக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. முதலாளி பார்ப்பது இரண்டாவது வகைக் கணக்கை, அதாவது மொத்தமாகப் போட்ட பணத்துக்கு என்ன வந்தது என்பதை. அதில் பஞ்சும் இயந்திரமும் கூலியும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் லாபம் எதிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகிறது.

விகிதத்தை நேரமாகவும் மாற்றிப் பார்க்கலாம். பத்து மணி நேர வேலைநாள் என்றால், கூலிக்கு ஈடான நேரம் 4 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு, மீதி 6 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே கூலியில்லாத நேரம். இப்படி நேரமாகப் பார்க்கும்போதுதான் எனக்கு இந்த எண்கள் எண்களாக இல்லாமல் மனிதர்களாகத் தெரியத் தொடங்கின.

இப்போது இன்றைய ஆண்டறிக்கை

லாப நட்டக் கணக்குப் பக்கத்தைத் திறங்கள். பொருள் வாங்கிய செலவு, தேய்மானம், ஊழியர் செலவு, வட்டி, வரி, கடைசியில் நிகர லாபம் என்று வரிசையாக இருக்கும். நிகர லாபத்தை மட்டும் உபரி என்று எடுத்துக்கொள்வதுதான் முதலில் எல்லோரும் செய்கிற தப்பு. வங்கிக்குப் போகும் வட்டி, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போகும் வாடகையில் ஒரு பெரும் பகுதி, அரசுக்குப் போகும் வரி எல்லாமே உபரியிலிருந்து பிரிந்து போனவைதான். அவற்றைத் திரும்பக் கூட்டுங்கள். அப்புறம் ஊழியர் செலவு என்ற ஒரே வரியில் மேலதிகாரிகளின் பெரும் சம்பளமும் பங்கு ஒதுக்கீடும் கலந்திருக்கும். தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் எடுத்து உபரிப் பக்கம் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் கையாள்வது விலை, மார்க்ஸ் பேசுவது மதிப்பு. இரண்டும் ஒன்றில்லை. மூன்றாம் பாகத்தில் அவரே, போட்டியினால் லாப விகிதங்கள் சமப்படும்போது விலைகள் மதிப்பிலிருந்து விலகும் என்று காட்டுகிறார். அவர் அதைச் சரியாகக் கணக்கிட்டாரா என்று 1890-களில் ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் போம்-பாவெர்க் தொடங்கி இன்றுவரை வாதம் நடக்கிறது. அதனால் ஒரு கம்பெனிக் கணக்கிலிருந்து வரும் விகிதத்தை, இந்தக் கம்பெனி தன் ஊழியர்களை இத்தனை சதவீதம் சுரண்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கணக்கு உங்களைச் சரியான கேள்விக்குக் கொண்டுபோய் விடும், அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்தக் கேள்வி இதோ. உலகப் புகழ்பெற்ற ஆடை நிறுவனத்தையோ போன் நிறுவனத்தையோ எடுத்திருந்தால் ஊழியர் செலவு ஆச்சரியப்படும் அளவு சிறியதாகவும், பொருள் வாங்கிய செலவு மிகப் பெரியதாகவும் இருக்கும். அந்தத் துணியைத் தைத்தவர்களும் போனைப் பூட்டியவர்களும் எங்கே? அவர்கள் ஊழியர் வரியில் இல்லை. வேறு கம்பெனியின், வேறு நாட்டின் தொழிலாளர்களாக, 'வாங்கிய பொருள்' என்ற வரிக்குள் இருக்கிறார்கள். மான்செஸ்டர் மில்லில் 52 என்று தனியாகத் தெரிந்த கூலி, இங்கே பஞ்சோடு பஞ்சாக மாறா மூலதனத்துக்குள் போய்விட்டது. கணக்கில் யாரும் பொய் எழுதவில்லை. உற்பத்தியைத் துண்டு துண்டாகப் பிரித்து வெளியே கொடுத்ததால் கணக்கின் வடிவமே அப்படி ஆகிவிட்டது. இன்றைய உலகப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான இடம் ஆண்டறிக்கையில் கிடையாது என்பது என் கருத்து.

சங்கிலியைப் பின்னோக்கி இழுங்கள்

இப்படி வெளியே கொடுத்து வாங்குவது ஏதோ ஓரத்தில் நடப்பது என்று நினைக்காதீர்கள். பன்னாட்டு நிறுவனங்கள் ஒருங்கிணைக்கும் சங்கிலிகளோடு தொடர்புடையது உலக வர்த்தகத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் என்று ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2013-ல் மதிப்பிட்டது.

ஒரு பொருளை எடுத்துப் பார்ப்போம். கிரேமர், லிண்டன், டெட்ரிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2010-ல் வந்த ஐபோன் 4-ஐப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். விற்பனை விலையில் ஆப்பிள் கைக்கு லாபமாகப் போனது 58.5 சதவீதம், சீனத் தொழிலாளர்களின் கூலியாகப் போனது 1.8 சதவீதம். இந்த 58.5 மொத்த லாபம்தான், வடிவமைப்பு, விளம்பரச் செலவெல்லாம் அதிலிருந்து போக வேண்டும். அதைக் கழித்த பிறகும் இந்த இடைவெளியை என்ன செய்வது?

வழக்கமான பொருளாதாரத்தின் பதில், ஆப்பிள் அவ்வளவு மதிப்பைச் 'சேர்த்தது' என்பது. எவ்வளவு விலை கிடைத்ததோ அவ்வளவு மதிப்பு சேர்த்தார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும் விளக்கம். மார்க்ஸின் சட்டகத்தில் மதிப்பு உண்டாவதும் அது பணமாகக் கைக்கு வருவதும் தனித்தனி நிகழ்வுகள். உலகம் முழுக்க உண்டான உபரி ஒரு பொதுக் குளம் மாதிரி, எந்த மூலதனம் அதிலிருந்து எவ்வளவு இறைக்கும் என்பதை அது நேரடியாக எத்தனை தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. எவ்வளவு மூலதனம் போட்டிருக்கிறது, எந்தக் கதவுக்குச் சாவி வைத்திருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

சாவி என்றதும் காப்புரிமையும் வணிகச் சின்னமும் ஞாபகத்துக்கு வர வேண்டும். 1995-ல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும் அதோடு சேர்ந்தே வந்தது. அதன் பிறகு, சட்டையைத் தைக்கும் தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று கடுமையாக விலைப்போட்டி போடுகின்றன, சட்டையின் சின்னத்தோடு போட்டி போடச் சட்டமே யாரையும் விடுவதில்லை. ஒரு முனையில் போட்டி, மறு முனையில் தனியுரிமை. நிலத்துக்குச் சொந்தக்காரர் வாங்கும் வாடகையைப் பற்றி மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் எழுதியதை இங்கே கொண்டுவந்து வைத்துப் படித்தால் நன்றாகவே பொருந்துகிறது.

இதற்கு வேறு விளக்கங்களும் உண்டு. மார்க்சியப் பொருளாதார அறிஞர் அர்கிரி இமானுவேல் 1969-ல் சமமற்ற பரிவர்த்தனை பற்றி எழுதியபோது, பணமும் பொருளும் எல்லை தாண்டும், தொழிலாளி தாண்ட முடியாது, அதனால் கூலி வித்தியாசம் நிலைத்து நிற்கிறது, அதன் வழியாக ஏழை நாடுகளிலிருந்து மதிப்பு வெளியேறுகிறது என்றார். பிரேசில்காரரான ரூய் மவுரோ மரினி 1970-களின் தொடக்கத்தில், அந்த இழப்பை ஈடுகட்ட ஏழை நாட்டு முதலாளிகள் கூலியை உழைப்புச் சக்தியின் மதிப்புக்கும் கீழே தள்ளுகிறார்கள் என்றார். இரண்டுக்கும் மார்க்சியர்களுக்குள்ளேயே மறுப்புகள் உண்டு. பணக்கார நாட்டுத் தொழிலாளிக்கு உற்பத்தித்திறன் அதிகம், கூலி அதிகமாக இருந்தும் சுரண்டல் விகிதம் அங்கேதான் கூடுதலாக இருக்கக்கூடும் என்று பிரெஞ்சு மார்க்சியப் பொருளாதார அறிஞர் பெத்தலெம் இமானுவேலுக்குப் பதில் சொன்னார். என் பார்வையில், ஒரே இயந்திரத்தில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நாட்டுத் தொழிலாளர்களின் கூலி பல மடங்கு மாறுபடும் தொழில்களில் இமானுவேலுக்குத்தான் பலம் அதிகம். நீங்கள் எடுத்த பொருளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள், முன்கூட்டியே ஒரு கட்சி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூலி ஏன் ஏறாமல் நிற்கிறது என்பதற்கு இன்னொரு கருவியும் இருக்கிறது: சேமப் பட்டாளம். வேலைக்காக வெளியே காத்து நிற்கும் கூட்டம் உள்ளே இருப்பவர்களின் கூலியை அழுத்திப் பிடிக்கும் என்ற விளக்கம். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது, சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, இந்தியாவும் கதவைத் திறந்தது. இவற்றால் உலகச் சந்தைக்குக் கிடைத்த தொழிலாளர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் கணக்கிட்டார். அவர் மார்க்சியர் இல்லை. உலகில் வேலை செய்கிறவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் சொன்னது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது, ஆனாலும் அவர்களை உள்ளே போகவைத்தார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேமப் பட்டாளம் என்ற சொல் இல்லாமல் எனக்கு விளக்கத் தெரியாது.

நேரத்தை விட்டுவிடாதீர்கள்

இரண்டாம் பாகத்தை யாரும் படிப்பதில்லை. வறண்ட புத்தகம்தான், ஆனால் கப்பலும் கிடங்கும் ஓடும் இன்றைய உலகத்துக்கு அது மிகவும் தேவை. மூலதனம் ஒரு சுற்று முடித்துத் திரும்ப எவ்வளவு நாள் ஆகிறது என்பதுதான் அதன் மையம்.

மான்செஸ்டர் மில்லுக்கே திரும்புவோம். மூன்றாம் பாகத்தின் நான்காவது அத்தியாயத்தை மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் எழுதிச் சேர்த்தார், அதில் இதே மில்லை எடுத்துக்கொள்கிறார். நிலையான மூலதனம் (இயந்திரம் போல நீண்ட நாள் நிற்பது) 10,000 பவுண்டு, சுழலும் மூலதனம் (பஞ்சு, கூலி போல ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வருவது) 2,500 என்று வைத்துக்கொள்கிறார். ஆண்டுக் கூலி 2,704 பவுண்டு ஆகிறது. ஆனால் முதலாளி கூலிக்கென்று கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியது சுமார் 318 பவுண்டுதான், ஏனென்றால் அந்தப் பணம் ஆண்டில் எட்டரை முறை சுற்றி வருகிறது. 318 பவுண்டை வைத்து ஆண்டுக்கு 4,160 பவுண்டு உபரி. வாரக் கணக்கில் 154 சதவீதமாக இருந்தது ஆண்டுக் கணக்கில் 1,300 சதவீதத்தைத் தாண்டுகிறது. மொத்த மூலதனத்துக்கான ஆண்டு லாப விகிதம் 33 சதவீதம் சொச்சம்.

இதைப் புரிந்துகொண்டால், கப்பல் கம்பெனிகள் ஏன் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அடித்துக்கொள்கின்றன, 1956-ல் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் அனுப்பிய கன்டெய்னர்கள் ஏன் உலகத்தையே மாற்றின, கிடங்குத் தொழிலாளி பொருள் எடுக்கும் வேகத்தை ஏன் நொடிக் கணக்கில் அளக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே கணக்காகத் தெரியும். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றதும் உலகமே பதறியது. பெரும்பாலான சரக்கு கெட்டுப்போகவும் இல்லை, தொலைந்துபோகவும் இல்லை. சுற்று நின்றது, அதுதான் பதற்றம். துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு இருக்கும் பலமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது.

ஆண்டறிக்கையில் இதைப் பார்க்க, விற்ற பொருளின் அடக்கச் செலவைக் கையிருப்புச் சரக்கின் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். ஆண்டில் எத்தனை முறை சரக்கு புரண்டது என்பது தோராயமாகத் தெரிந்துவிடும்.

லாப விகித வீழ்ச்சி, பங்குச் சந்தை, ஆப் வேலை

லாப விகிதம் விழும் போக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இயந்திரத்தில் போடும் பணம் கூடக்கூட, கூலியில் போடும் பங்கு குறையும், உபரி கூலி உழைப்பிலிருந்துதான் வருகிறது என்பதால் விகிதம் கீழே போகும் என்பது மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் வைக்கும் வாதம். ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே எதிர்க் காரணிகளை அவரே அடுக்குகிறார்: உழைப்பைத் தீவிரமாக்குவது, கூலியைக் குறைப்பது, இயந்திரங்கள் மலிவாவது, வேலையற்றோர் பெருகுவது, வெளிநாட்டு வர்த்தகம். மேலே நாம் பார்த்த உலகச் சங்கிலி கிட்டத்தட்ட முழுக்க இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். 1961-ல் ஜப்பானியப் பொருளாதார அறிஞர் ஒகிஷியோ, உண்மைக் கூலி (கூலியால் வாங்க முடிகிற பொருள்களின் அளவு) மாறாதவரை செலவைக் குறைக்கும் புதிய தொழில்நுட்பம் லாப விகிதத்தைக் குறைக்காது என்று கணிதத்தில் காட்டினார், அந்த வாதம் இன்னும் முடியவில்லை. எனவே ஒவ்வொரு நெருக்கடியிலும் 'இதோ முதலாளித்துவம் முடிந்தது' என்று தேதி குறிக்காதீர்கள். எந்த எதிர்க் காரணி இப்போது வேலை செய்கிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பங்குச் சந்தைச் செய்திக்குக் கற்பனை மூலதனம் என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பங்கு என்பது நாளை வரப்போகும் உபரியில் ஒரு பங்குக்கான உரிமைச் சீட்டு. சீட்டின் விலை ஏறினால் புதிய மதிப்பு உண்டாகிவிடவில்லை. நாளை அந்த உபரி வராது என்று தெரிந்ததும் சீட்டு கரைந்துவிடும், 2008-ல் வீட்டுக்கடன் சீட்டுகளுக்கு அதுதான் நடந்தது. ஆண்டறிக்கையின் பணப்புழக்கப் பக்கத்தில் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கச் செலவிட்ட தொகையைத் தேடி, அதைப் புதிய இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் செலவிட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆப் வழியாக உணவும் பொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பார்த்து, இது புதுயுகம், மார்க்ஸுக்கு இது தெரியாது என்று சொல்கிறார்கள். முதல் பாகத்தில் துண்டு வேலைக் கூலி பற்றிய சிறிய அத்தியாயத்தைப் படியுங்கள். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்வார், மேற்பார்வைக்கு ஆள் குறைவாகப் போதும், வேலை நேரத்தைத் தானே நீட்டிக்கொள்வார், நாளடைவில் ஒரு துண்டுக்கான விலை குறையும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. ஆர்டர் இல்லாமல் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது, வண்டியும் போனும் தொழிலாளியுடையது. மாறா மூலதனத்தில் ஒரு பகுதியைக்கூட அவர் தலையில் கட்டியாகிவிட்டது.

இந்தக் கருவிகள் எட்டாத இடமும் உண்டு. மேலே உழைப்புச் சக்தியின் விலையைச் சொன்னபோது, நாளைக்கும் வேலைக்கு வரத் தேவையானவை என்று எழுதினேன். அந்தச் சோற்றை ஆக்கியவரின் உழைப்பு கணக்கில் எந்த வரியிலும் இல்லை, 1970-களில் பெண்ணியச் சிந்தனையாளர்களான மரியரோசா தல்லா கோஸ்டாவும் சில்வியா ஃபெடரிச்சியும் இதைத்தான் மார்க்சியத்துக்கு உள்ளேயிருந்து கேட்டார்கள். உங்கள் தாளில் மாறா மூலதனம், மாறும் மூலதனம், உபரி என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்றைக் காலியாக விட்டு, 'கூலி கொடுக்காத உழைப்பு' என்று தலைப்பு போடுங்கள்.

சரி, இப்போது தொடங்குங்கள். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து அதன் கடைசி ஐந்து ஆண்டு அறிக்கைகளை இறக்கி, ஊழியர் செலவு, பொருள் வாங்கிய செலவு, கூட்டிச் சேர்த்த உபரி, இந்த மூன்றையும் ஒரே தாளில் ஆண்டு வாரியாக எழுதுங்கள். பல பெரிய ஆடை நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் செய்து தரும் தொழிற்சாலைகளின் பட்டியலைத் தனியாக வெளியிடுகின்றன, அதையும் இறக்குங்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஊரும் தொழிலாளர் எண்ணிக்கையும் இருக்கும். அந்த எண்ணிக்கைகளைக் கூட்டி, கம்பெனி தன் சொந்த ஊழியர்கள் என்று காட்டும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.